மூச்சு வேணாம், தண்ணியப் பாரு

என் கணவர் சாகிற வரைக்கும் மூச்சைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அவர் நெல் அரவை மில்லில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். தவிட்டுத் தூசி என்றார் ஒரு டாக்டர், பிறவிக் கோளாறு என்றார் இன்னொருவர். நுரையீரல் சுருங்கிப்போனது மட்டும் நிச்சயம். கடைசி நாற்பது நாள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். "நிமிஷத்துக்கு முப்பதுக்கு மேல போச்சுன்னா உடனே போன் பண்ணுங்க" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால் எண்ணினேன். செல்போனில் நிமிஷம் வைத்துக்கொண்டு அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினேன். சமைக்கும்போது எண்ணினேன். குளிக்கும்போதுகூட ஒருக்களித்த கதவு வழியாகக் காதைக் கொடுத்து எண்ணினேன். சித்திரை மாதம் ஒரு காலையில் பதினேழு வரை எண்ணினேன். பதினெட்டு வரவில்லை.

இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். சிரித்திருக்கிறார், சண்டை போட்டிருக்கிறார், தாராசுரம் கோயில் புல்வெளியில் உட்கார்ந்து எனக்குக் கடலை உரித்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் எதை நினைத்தாலும் பின்னாலேயே அந்தக் கடைசி நாற்பது நாள் மூச்சு வந்துவிடும். கல்யாணப் போட்டோவைப் பார்த்தாலும் அதுதான் கேட்டது. இளைத்து இளைத்து இழுத்த அந்தச் சத்தம், மற்ற எல்லாவற்றையும் தின்றுவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சத்தம் கேட்காமல் அவரை ஒரு தடவையாவது நினைக்க வேண்டும்.

ஓசூரில் வேலை பார்க்கும் மகன் போனில் தியான வகுப்பு என்று ஆரம்பித்தான். "அம்மா, தஞ்சாவூர்ல ஞாயித்துக்கிழமை நடக்குது. போய்ப் பாரும்மா, மனசு லேசாகும்" என்றான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். "மனசு லேசாகறதுக்கு நான் என்ன மூட்டையா சுமக்கறேன்?" என்று கத்திவிட்டு வைத்தேன். வைத்த பிறகு அழுதேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

கிளம்பியது நான் மட்டுமில்லை. கணவருடைய அக்காவும் கூட வந்தார். எங்கள் பக்கத்தில் கணவரின் அக்காவை அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே, இரண்டு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவர். பதினான்கு பெண்கள் கொண்ட நடவு ஆட்களுக்குத் தலைமை. அவர் குரல் மூன்று வயல் தாண்டிக் கேட்கும். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவர். காரணம் என் கணவர்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போக, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஒன்பது வயதில் அந்த வேலை இவருக்கு வந்தது.

நான் பன்னிரண்டாவது பாஸ் செய்து, அரசுப் பள்ளியில் இளநிலை உதவியாளராக இருக்கிறவள். அந்தக் கர்வம் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக அண்ணியைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்ததெல்லாம், சத்தம் போடுகிறவர் என்பது மட்டும்தான். அந்தச் சத்தத்தின் அருமை சாவு வீட்டில் தெரிந்தது. துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரும் என்னைக் கட்டிப்பிடித்து முதலிலிருந்து அழ வைப்பார்கள். அவரை எடுத்த அன்று வர முடியாதவர்கள் அந்தக் குறையைத் தீர்க்கிற மாதிரி இன்னும் கொஞ்சம் உரக்க அழுவார்கள். ஒரு வாரம் பார்த்தார் அண்ணி. எட்டாம் நாளிலிருந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "அழுததெல்லாம் போதும். காப்பியக் குடிச்சிட்டு அவளக் கொஞ்சம் படுக்க விடுங்க" என்று அனுப்பிவைத்தார். தாலி அறுத்து ரெண்டு மாசம் ஆகவில்லை, அதற்குள் பஸ் ஏறுகிறாளா என்று தெருவில் பேச்சு கிளம்பியபோதும் அவர்தான் முன்னால் நின்றார். "நான்தான் கூட்டிட்டுப் போறேன். கேக்கறவங்க எங்கிட்ட வந்து கேளுங்க" என்றார். ஒருவரும் வந்து கேட்கவில்லை.

வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. கீழே அடுத்த முகூர்த்தத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே முப்பது பேர் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடினோம். சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் வெள்ளைச் சட்டைக்காரர், நல்ல மென்மையான குரல். மூச்சை மட்டும் கவனியுங்கள், உள்ளே வருகிறது, வெளியே போகிறது, வேறொன்றும் செய்ய வேண்டாம் என்றார். அண்ணியால் ஒரு நிமிஷம் கண்ணை மூடியிருக்க முடியவில்லை. "மூச்சு அது பாட்டுக்குத் தானா வருது தம்பி. அத எதுக்குக் குந்திக்கிட்டுக் காவல் காக்கணும்?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

முதல் இரண்டு ஞாயிறும் கண்ணை மூடிக்கொண்டு வீட்டு வேலைகளை யோசித்து ஒப்பேற்றினேன். மூன்றாவது ஞாயிறு நிஜமாகவே மூச்சைக் கவனித்துவிட்டேன். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று போனது. என்னை அறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தேன். சுற்றிலும் முப்பது பேர் இழுத்து விடுகிற சத்தம். பதினைந்து, பதினாறு, பதினேழு. அதற்கு மேல் என் மூச்சே நின்றது. கத்தினேனாம். எனக்கு ஞாபகம் இருப்பது, செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடி, காய்க் கூடைகளுக்கு நடுவில் நின்றதுதான். அண்ணி என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்கார வைத்தார். பசுபதிகோவில் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"எண்ணுனியா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"நீ எண்ணுறத நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன், அந்த நாப்பது நாளும். ஒதடு அசையும்."

வீட்டில் எத்தனை பேர் வந்து போனார்கள். ஒருவர் கண்ணிலும் படாதது இவர் கண்ணில் பட்டிருக்கிறது.

"அப்ப ஒனக்கு மூச்சு வேணாம் புள்ள. வேற எதையாவது பாப்போம். ஊருல பாக்கறதுக்கா பஞ்சம்? புதங்கெழம நம்ம மொற, தண்ணி வருது. விடிஞ்சதும் வயலுக்கு வா. மூச்சு வேணாம், தண்ணியப் பாரு" என்றார். ஐயம்பேட்டை வந்ததும் எலுமிச்சம்பழம் விற்கிறவரிடம் பேரம் பேசத் தொடங்கிவிட்டார்.

எங்களுக்கு மூன்று மா நிலம், ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அது இருக்கிற வயல்வெளியில்தான் அண்ணியின் அப்பா கூலி ஆளாக இருந்தார். அந்த வருஷம் ஆனி மாதம்தான் ஆற்றில் தண்ணீர் வந்தது. முறை வைத்து விட்டார்கள். எங்கள் வாய்க்காலுக்குப் புதன்கிழமை விடியலில் முறை. நான் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். அண்ணி மண்வெட்டியால் மடையைத் திறந்துவிட்டு, வரப்பில் துண்டை விரித்தார்.

"கண்ண மூடாத. தண்ணியோட நுனி இருக்குல்ல, அது எங்க போகுதுன்னு மட்டும் பாரு. மனசு அங்க இங்க ஓடுனா திரும்ப நுனிக்கு வா. அந்தத் தம்பி சொன்னதுதான் இது. அவரு மூச்சுன்னாரு, நான் தண்ணிங்கறேன்."

நான் சிரிக்கப் பார்த்தேன். ஆனால் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே வந்துகொண்டிருந்தது. கோடை உழவு போட்ட புழுதி வயல். தண்ணீர் ஒரே சீராகப் போகவில்லை. ஒரு வெடிப்பில் இறங்கிக் காணாமல் போகும். நுனி எங்கே என்று தேடினால் இரண்டடி தள்ளி எழுந்து வரும். வைக்கோல் துணுக்கும் நுரையும் அதன் முன்னால் தள்ளிக்கொண்டே போகும். கட்டிகளின் மேல் எறும்புகள் அவசரமாக ஏறின. சிள்வண்டுகள் துள்ளின. இரண்டு மடையான் கொக்குகள் வந்து, நுனிக்கு முன்னால் நடந்துகொண்டே கொத்தித் தின்றன. நடுவில் மனசு ஆக்சிஜன் மெஷினுக்குப் போயிற்று. நுனிக்குத் திரும்பினேன். மறுபடி போயிற்று. மறுபடி திரும்பினேன். அப்புறம் போகவில்லை. எவ்வளவு நேரமோ, நான் எதையும் எண்ணாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் செத்த பிறகு அப்படி ஒரு நேரம் எனக்கு வாய்த்தது அன்றுதான்.

ஒரு கத்தல் கேட்டுத்தான் இருவரும் திடுக்கிட்டோம். பக்கத்து வயல்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். எங்கள் வயல் நிறைந்து, வரப்பு உடைத்துக்கொண்டு, தண்ணீர் அவருடைய நாற்றங்காலுக்குள் இறங்கியிருந்தது. போர்வெல் தண்ணீரில் சேறடித்து, முளைகட்டிய விதையை முதல் நாள்தான் தெளித்திருந்தார். அத்தனை விதையும் மிதந்து போய் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது.

"மடையத் தொறந்து விட்டுட்டு ரெண்டு பேரும் இங்கதான உக்காந்திருக்கீங்க? என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"தப்பு எம்மேலதாண்ணே. தியானம் பண்ணிக்கிட்டு இருந்தோம்" என்றார் அண்ணி.

"என்னது?"

"தியானம்."

அவர் நாற்றங்காலைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார். திட்டுவதற்கு எத்தனையோ வார்த்தைகளை வைத்துக்கொண்டு வந்திருப்பார், இந்தப் பதிலுக்கு ஒன்றும் பொருந்தவில்லை. அண்ணி மடையை அடைத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனார். எங்கள் நாற்றங்காலுக்கென்று ஊறவைத்து, சாக்கில் கட்டி முளைகட்டி வைத்திருந்த விதையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். நமக்கு நாற்றங்கால் நாலு நாள் தள்ளிப்போகுமே என்றேன். "போகட்டும். அவரு வெதைச்சது போச்சு. நம்மது இன்னும் சாக்குலதான் இருக்கு" என்றார்.

அந்தச் சேற்றை அண்ணி மறுபடி சமன் செய்ததையும் விதை தெளித்ததையும் நான் வரப்பில் நின்று பார்த்தேன். எங்கள் ஊரில் விதை தெளிப்பது ஆண்களின் வேலை என்பார்கள். பக்கத்து வயல்காரர் கையைக் கட்டிக்கொண்டு குறை கண்டுபிடிக்க நின்றார். அண்ணி பின்னுக்கு நடந்தபடியே கையை வீசினார். ஒரு வீச்சு விழுந்த இடத்தில் அடுத்த வீச்சு விழவில்லை, இடைவெளியும் விடவில்லை. புடவையை முழங்காலுக்கு மேல் சொருகியிருந்தார். ஐம்பத்தாறு வயது. நான் எத்தனையோ கலெக்டர்களும் அதிகாரிகளும் எங்கள் பள்ளிக்கு வந்து பேசிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கம்பீரம் யாரிடமும் பார்த்ததில்லை. வயல்காரர் கடைசியில் குறை எதுவும் சொல்லாமல், "காப்பித் தண்ணி சாப்புட்டுப் போங்க" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது வாய்க்கால் மதகில் உட்கார்ந்து அண்ணி காலைக் கழுவினார்.

"நாப்பது வருசத்துல ஒரு மட தவறுனதில்ல. எங்க போயிருந்தேன்னே தெரியல புள்ள" என்றார். அடுத்த காலைத் தண்ணீரில் விட்டபடி, "தெரியும். தண்ணியப் பாத்துக்கிட்டே இருந்தனா, அவன் வந்துட்டான். அஞ்சு வயசு. இதே மதகுலேருந்து அம்மணமா குதிக்கறான். குதிக்காதடா குதிக்காதடான்னு கத்திக்கிட்டு நிக்கறேன். வரப்பு ஒடைஞ்சது எனக்கு எங்க தெரியும்?" என்றார்.

சொல்லிவிட்டு அழுதார். வாசலில் நின்று எல்லாரையும் அழாதே என்று அனுப்பிவைத்தவர், முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு அழுதார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்குத் துணைக்கென்று இவர் பஸ் ஏறியதாகவே நான் நினைத்திருந்தேன். இவருக்கும் போகத்தானே வேண்டியிருந்தது. நான் இழந்தது கணவனை. இவர் இழந்தது இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளையை. மூன்று மாதமாக இவரிடம் ஒருவரும் துக்கம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவமானமாக இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பொறாமை. அவருக்கு ஐந்து வயதுப் பையன் மூச்சிரைக்காமல் குதித்துக்கொண்டு வந்துவிட்டான். எனக்கு எந்த வயதிலும் வரவில்லை.

ஊர் எங்களைச் சும்மா விடுமா? கொஞ்ச நாளைக்கு நாங்கள் வயல் பக்கம் போனாலே, "தியானக்காரங்க வர்றாங்க, அவங்கவங்க வரப்பப் பாத்துக்குங்க" என்று கேலி செய்தார்கள். அண்ணி அதைவிடச் சத்தமாகச் சிரித்துவைத்தார். ஆனாலும் உட்காருவதை நாங்கள் விடவில்லை. பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்னால் அரை மணி நேரம் வரப்பில் உட்காருவோம். தண்ணீர் இல்லாத நாளில் நாற்று. நாற்று பறித்த பிறகு, நட்ட பயிர் தலை தூக்குவது. மழை நாளில் குடைக்கு வெளியே ஒரே ஒரு நெல் தாள் மேல் விழும் துளி. மண்டபத்து ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்ன வழிதான் இதுவும். ஓடிப்போன மனசை அடிக்காமல் திருப்பிக் கூட்டி வருவது. நாளாக ஆக, படுத்தால் தூக்கம் வந்தது. சோறு ருசித்தது. பள்ளியில் எரிந்து விழுவது குறைந்தது என்று தலைமையாசிரியரே சொன்னார். ஆனால் மூச்சுப் பக்கம் மட்டும் நான் போகவில்லை. அவரை நினைத்தால் அந்த இழுப்புச் சத்தம் அப்படியேதான் இருந்தது.

புரட்டாசியில் காலாண்டு விடுமுறை வந்தது. சம்பா நடவு மும்முரம். ஒரு மதியம் அண்ணி நடவு முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வீட்டு மின்விசிறி ஓடவில்லை. மோர்ச் சோறு சாப்பிட்டுவிட்டு, கூடத்துத் தரையில் முந்தானையை விரித்துப் படுத்தார். படுத்த வேகத்தில் தூங்கிப்போனார். நான் சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குள் இன்னொருவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டு அஞ்சு மாதம் ஆகியிருந்தது. என் கை தன்னால் செல்போனைத் தேடியது. வேண்டாம் என்று நினைப்பதற்குள் எண்ணத் தொடங்கிவிட்டேன். ஒன்று, இரண்டு. எழுந்து வெளியே ஓடிவிடலாமா என்றிருந்தது. அண்ணியை எழுப்பக் கூடாது என்பதற்காகத்தான் அசையாமல் இருந்தேன். வேறு வழியில்லாமல், வயலில் நுனியைப் பார்க்கிற மாதிரி அந்தச் சத்தத்தைக் கேட்டேன். உள்ளே போகிறது. மேலே போய் ஒரு நொடி நிற்கிறது. அப்புறம் உதடு லேசாக அதிர, "ப்பூ" என்று வெளியே வருகிறது. மறுபடி உள்ளே. ஒரு நொடி நிற்கிறது. "ப்பூ."

பன்னிரண்டோ பதின்மூன்றோ, எண்ணிக்கை தவறிவிட்டது. இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

கல்யாணமான புதிதில், தவிடு அப்பின புருவத்தோடு மில்லிலிருந்து வந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் தூங்கிப்போவார். நிறுத்தி நிறுத்தி இந்த "ப்பூ". அடுப்பு ஊதறீங்களா என்று தோளைப் பிடித்து உலுக்குவேன். தூக்கத்திலேயே சரி சரி என்று ஒருக்களித்துப் படுத்து, இரண்டே நிமிஷத்தில் மறுபடி ஊதுவார். தாங்க முடியாமல் இதே அண்ணியிடம் போய்ப் புகார் சொன்னேன். "எங்க வீட்டு மூச்சே அப்படித்தான் புள்ள, பழகிக்க" என்றார். பழகினேன். நன்றாகப் பழகி, அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது என்கிற அளவுக்குப் போயிற்று. இருபத்தாறு வருஷம் அவர் என் பக்கத்தில் விட்ட மூச்சு இது. நோய் வந்து நாற்பது நாள் விட்டதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, இதைத் தொலைத்துவிட்டிருந்தேன்.

சத்தம் வராமல் அழ எனக்குத் தெரியாது. அண்ணி பாதிக் கண்ணைத் திறந்தார்.

"என்ன புள்ள?"

"ஒண்ணுமில்ல அண்ணி. நீங்க தூங்குங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான். தூங்குங்க அண்ணி, எந்திரிச்சுடாதீங்க."

அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பித்தது. நான் செல்போனைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் அவர் மில் வேலை முடிந்து வந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.